ஃபிரீமன் பள்ளிக்கூடம்: ஒற்றை அறையும் ஒரு வழக்கும்

டேனியல் ஃபிரீமனுக்கு அப்போது எழுபது வயது கடந்துவிட்டது. திண்ணையில் சாய்ந்து வெயில் காய வேண்டிய வயது என்று நம்மூரில் சொல்வோம். அவரோ 1899-இல் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் வழக்குப் போடக் கிளம்பினார். ஆசிரியை ஈடித் பீச்சர் காலையில் வகுப்பைத் தொடங்கும்போது பைபிளில் ஒரு பகுதியை வாசிக்கிறார், ஜெபம் செய்கிறார், பிள்ளைகளோடு துதிப்பாடல் பாடுகிறார். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் இது கூடாது என்பது கிழவரின் கட்சி. முதலில் ஆசிரியையிடமே போய்ச் சொன்னார். பள்ளிக் குழுவின் அனுமதியோடுதான் செய்கிறேன் என்றார் ஆசிரியை. குழுவிடம் போனார். குழு ஆசிரியையின் பக்கம் நின்றது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். விடவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1902 அக்டோபரில் ஜெயித்தார்.

இவ்வளவும் ஒரே ஓர் அறை கொண்ட செங்கல் கட்டடம் ஒன்றுக்காக. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பீயாட்ரிஸ் என்ற சிறு நகருக்கு மேற்கே நாலைந்து மைல் தூரத்தில் அந்தப் பள்ளி இன்றும் நிற்கிறது. (ஆங்கில நாவல் படித்தவர்கள் ஊர்ப் பெயரைப் 'பியட்ரிஸ்' என்று வாசிப்பார்கள். ஊர்க்காரர்கள் நடு அசையை அழுத்தி 'பீ-ஆட்-ரிஸ்' என்பார்கள். மாற்றிச் சொன்னால் ஆள் வெளியூர் என்று தெரிந்துவிடும்.) பள்ளிக்கு ஃபிரீமன் பள்ளி என்று பெயர். 1872-இல் கட்டினார்கள், 1967 வரை பிள்ளைகள் படித்தார்கள். இப்போது அது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதி.

பழைய பள்ளிக்கூடங்களைப் பிற நாட்டார் எப்படிக் காக்கிறார்கள் என்று எழுதித் தரும்படி இந்த மலரின் குழுவினர் கேட்டார்கள். பத்துப் பள்ளிகளைப் பட்டியல் போட எனக்கு மனமில்லை. ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காப்பது என்றதும் மேசை, மணி, கரும்பலகை ஆகியவற்றின் மேல் நமக்குக் கண் போகிறது. அந்தக் கட்டடத்துக்குள் ஊர் போட்ட சண்டையைக் காப்பதுதான் கடினம் என்பது என் எண்ணம். ஃபிரீமன் பள்ளியில் அந்தச் சண்டைக்கு எழுத்தில் பதிவு இருக்கிறது.

சண்டைக்காரரை முதலில் அறிந்துகொள்வோம். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். இருபத்தொரு வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர், அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்காதவர், எல்லாம் சேர்த்து 18 டாலர் கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலம் கேட்கலாம். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் பட்டா. விதவைகளும் மணமாகாத பெண்களும்கூட மனுச் செய்யலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். சட்டம் 1863 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பிரவுன்வில் என்ற ஊரின் நில அலுவலகத்தில் ஃபிரீமன் புத்தாண்டு பிறந்த நள்ளிரவிலேயே எழுத்தரைப் பிடித்துக் கதவைத் திறக்க வைத்து மனுப் போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும். மனு எண் ஒன்று, புத்தகம் ஒன்று, பக்கம் ஒன்று என்பது பதிவேட்டில் உள்ள செய்தி. அதே நாளில் வேறு நில அலுவலகங்களிலும் பலர் மனுக் கொடுத்தார்கள். ஆனால் நாட்டின் முதல் குடியேற்ற விவசாயி நான்தான் என்று நிலைநாட்டுவதில் ஃபிரீமன் கடைசிவரை ஓயவில்லை. பிடித்த பிடியை விடாத மனிதர். ஆசிரியையும் குழுவும் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அந்தச் சட்டத்தின் கீழ் பிற்பாடு ஏறத்தாழ 16 லட்சம் பேர் பட்டா வாங்கினார்கள். கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர். நாட்டின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1936-இல் ஃபிரீமனின் நிலத்தைத் தேசிய நினைவிடம் ஆக்கியது. பள்ளிக்கூடம் அதோடு சேர்ந்தது பின்னால்.

நிலம் வந்த வழியைச் சொன்னால் பள்ளி வந்த வழியும் விளங்கும். அமெரிக்கா தன் மேற்குப் புறத்தைச் சதுரங்கப் பலகை போல அளந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் கொண்ட 36 கட்டங்கள். கட்டத்துக்கு 640 ஏக்கர். அதில் கால்வாசிதான் ஃபிரீமனுக்குக் கிடைத்த 160 ஏக்கர். 1785-ஆம் ஆண்டின் நில ஒழுங்குச் சட்டம் ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் பதினாறாம் எண் கட்டத்தைப் பள்ளிக்கென ஒதுக்கச் சொன்னது. நெப்ராஸ்கா போன்ற பிற்கால மாநிலங்களுக்கு முப்பத்தாறாம் கட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணம் பள்ளிக்கு. நம் கோயில் மானிய நிலம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குடியேறுவதற்கு முன்பே, ஊர் என்ற பேரே இல்லாத புல்வெளியில், வரைபடத்தில் பள்ளிக்குப் பங்கு எழுதியாகிவிட்டது. நெப்ராஸ்காவில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் இன்றும் பள்ளி நிலமாகவே இருந்து குத்தகை ஈட்டுகிறது.

ஆனால் நிலம் இருந்தால் மட்டும் கூரை எழும்பிவிடாது. மரமே அருகிப்போன சமவெளி அது. பெரும்பாலான குடியேறிகள் புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள். பள்ளியும் பல இடங்களில் அப்படித்தான். மழை நின்ற பிறகும் இரண்டு நாள் உள்ளே சொட்டும், கூரையிலிருந்து பாம்பு விழும் என்றெல்லாம் அந்த மண்வீடுகளைப் பற்றிப் படிக்கிறோம். அப்படிப்பட்ட காலத்தில், 1872-இல், பழைய மரக்கட்டைப் பள்ளிக்குப் பதிலாக இந்த வட்டாரத்தார் செங்கல்லில் கட்டினார்கள். தடித்த சுவர், இரு பக்கமும் உயரமான சன்னல்கள், சன்னல் தலைப்பில் சுண்ணாம்புக்கல். கட்டியவர்கள் தங்க வந்தவர்கள், நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவர்களின் வேலை இது இல்லை என்று பார்த்தாலே தெரியும்.

செங்கல் கொடுத்தவர் பெயரும் ஃபிரீமன் தான்: தாமஸ் ஃபிரீமன், செங்கல் சூளைக்காரர். அதனால் பள்ளியின் பெயர் யாரைக் குறிக்கிறது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. முதல் குடியேறி டேனியலா, சூளைக்காரர் தாமஸா? வழக்குப் போட்டவர் பெயரையே பள்ளி தாங்கி நிற்கிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சூளைக்காரர் கட்சியும் லேசானதன்று.

ஒற்றை அறைப் பள்ளியை அந்த நாட்டார் பள்ளி என்ற அளவோடு நிறுத்தவில்லை. ஃபிரீமன் பள்ளியில் தேர்தல் நடந்தது, ஊர்க்கூட்டம் நடந்தது, விவாத மன்றம் கூடியது, லுத்தரன் சபையார் ஞாயிறு வழிபாடும் நடத்தினார்கள். மைல் கணக்கில் ஒருவருக்கொருவர் விலகி வாழ்ந்த குடும்பங்களுக்கு நாலு பேர் முகம் பார்க்கும் இடம் அது ஒன்றுதான். அங்கே ஊர் என்று ஒரு தெரு கிடையாது; அவரவர் 160 ஏக்கர் நடுவே அவரவர் வீடு. ஆகவே ஊருக்குப் பள்ளி என்று சொல்வதைவிட, பள்ளி இருந்ததால்தான் ஊர் இருந்தது என்று சொல்வது பொருந்தும்.

நிர்வாகம் மூன்று பேர் கொண்ட குழு. அவர்களும் விவசாயிகளே. யாரை ஆசிரியராக அமர்த்துவது, என்ன சம்பளம், அடுப்புக்கு விறகும் நிலக்கரியும் யார் கொண்டுவருவது, பள்ளி எத்தனை மாதம் நடப்பது எல்லாம் அவர்கள் கையில். வரி போட்டவர்களும் அவர்களே, வரி கட்டியவர்களும் அவர்களே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவில் மட்டும் இப்படி 7 ஆயிரத்துக்கு மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் இருந்தன. அமெரிக்கா முழுவதும் ஓரறைப் பள்ளிகள் ஏறத்தாழ 2 லட்சம்.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஐந்து வயதுக் குழந்தையும் பதினெட்டு வயது இளைஞனும் ஒரே அறையில் இருப்பார்கள். பெரிய பையன்கள் மக்காச்சோளம் பறித்து முடிந்த பிறகுதான் தலைகாட்டுவார்கள். பனி உருகி ஏர் பூட்டும் காலம் வந்ததும் மறைந்துவிடுவார்கள். அறையில் ஓர் இரும்பு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவன் வறுபடுவான், சுவரோரம் இருப்பவனின் மைக்கூட்டில் மை உறைந்துபோகும். விறகு அரிதான இடங்களில் மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கைதான் எரிபொருள். வாசலருகே ஒரு வாளித் தண்ணீர், ஒரே ஒரு நீள்கைக் குவளை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே. ஒருவனுக்குச் சளி என்றால் வாரக் கடைசிக்குள் எல்லாருக்கும் வந்துவிடும். பன்றிக்கொழுப்பும் சர்க்கரைப் பாகும் விற்ற தகரத் தூக்குவாளிகளில் மதியச் சாப்பாடு வரும்.

பாடம் நடக்கும் முறை தனி. ஆசிரியை ஒரு வகுப்பின் பெயரைச் சொல்வார். அந்த வகுப்புப் பிள்ளைகள் இரண்டோ மூன்றோ பேர் எழுந்து முன்னால் உள்ள நீளப் பலகையில் வந்து உட்கார்ந்து ஒப்பிப்பார்கள். சில நிமிடம். பிறகு அடுத்த வகுப்பு. மற்றவர்கள் இடத்திலிருந்தபடி சிலேட்டில் கணக்குப் போடுவார்கள், அல்லது போடுவது போல இருந்துகொண்டு பெரிய வகுப்பின் பாடத்தைக் காதில் வாங்குவார்கள். மேல்வகுப்புப் பாடம் முழுதும் இப்படிக் கேட்டே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஒரே அறையின் இந்த நன்மையை வகுப்புக்கொரு அறை கட்டியவர்கள் இழந்தார்கள் என்று பழைய மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். அதில் பாதியாவது உண்மை.

சின்னப் பிள்ளைகளின் பாடத்தைப் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். நமக்குச் சொல்லவே வேண்டியதில்லை, சட்டாம்பிள்ளை முறைதான். இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதையும், மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிப்பதையும் சேர்த்து ஒரு முறையாக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அங்கே 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். அதையொட்டிய முறையைப் பரப்பிய ஜோசப் லங்காஸ்டர் 1818-இல் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தார். நியூயார்க் போன்ற நகரங்களில் அந்த முறையில் பள்ளிகள் நடந்தன. அதற்காக நெப்ராஸ்காப் புல்வெளிப் பள்ளிக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான் தாய் என்று மார்தட்ட வேண்டாம். ஆசிரியர் ஒருவர், வகுப்பு எட்டு என்றால் எந்த நாட்டிலும் சட்டாம்பிள்ளை தானாகவே முளைத்துவிடுவான்.

கையில் இருந்த புத்தகம் பெரும்பாலும் மெக்கஃபி வாசகப் புத்தகம். 1836-இல் தொடங்கி வரிசை வரிசையாக வந்தது. மொத்தம் 12 கோடிப் படிகள் விற்றதாக ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒழுக்கம், உழைப்பு, கடவுள் பயம் மூன்றும் பாடத்துக்குப் பாடம் இருக்கும். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவம் அந்தக் காலப் பள்ளியின் காற்றிலேயே கலந்திருந்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஈடித் பீச்சர் புதிதாக ஒன்றைப் புகுத்தியவர் அல்லர். பல பள்ளிகளில் நடந்ததையே அவரும் செய்தார். விசித்திரமான ஆள் ஃபிரீமன்தான்.

இடையில் ஒரு பொய்யையும் தட்டிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் காக்கப்படும் பழைய பள்ளிகள் பலவற்றில் '1872-ஆம் ஆண்டின் ஆசிரியர் விதிகள்' என்று ஒரு தாள் சட்டமிட்டுத் தொங்கும். ஆசிரியர் தினமும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கூடை நிலக்கரியும் கொண்டுவர வேண்டும். ஆண் ஆசிரியர் பெண் பார்க்க வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கிக்கொள்ளலாம். கல்யாணம் செய்துகொண்ட பெண் ஆசிரியைக்கு வேலை போகும் என்கிற பாணியில் போகும். படித்துச் சிரிக்காதவர் இல்லை. ஃபிரீமன் பள்ளி கட்டிய ஆண்டும் 1872 என்பதால் பொருத்தம் பிரமாதமாக இருக்கும். அந்தத் தாளுக்கு மூலம் என்று ஓர் ஏட்டையும் இதுவரை எவரும் காட்டியதில்லை. ஒரே விதிப்பட்டியல் ஊருக்கு ஊர் அச்சுப் பிசகாமல் தொங்குவதே சந்தேகத்துக்குப் போதும். ஆசிரியரின் நிபந்தனைகளை மூன்று விவசாயிகள் தனித்தனியே பேசி முடித்த காலம் அது. நினைவிடங்களில் இந்த மாதிரிச் சரக்கு எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் அது யார் மனத்தையும் புண்படுத்தாது.

உண்மையான கஷ்டம் வேறு மாதிரி. 1888 ஜனவரி 12 காலை, அந்தக் குளிர்காலத்தில் அபூர்வமாக, இதமாக விடிந்தது. பிள்ளைகள் கனத்த மேலங்கி இல்லாமலேயே பள்ளிக்குப் போனார்கள். பகலில் வடமேற்கிலிருந்து பனிப்புயல் சுவர் போல வந்து மோதியது. மாவு போன்ற பனித்தூள் கண்ணையும் மூக்கையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. டகோட்டா, நெப்ராஸ்கா பகுதிகளில் 235 பேர் வரை இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் எண். பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் அதில் பலர். 'பள்ளிக்கூடப் பனிப்புயல்' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. ஆர்ட் என்ற ஊரருகே மின்னி ஃபிரீமன் என்ற இளம் ஆசிரியை, பள்ளியின் கூரை பிய்ந்துபோன பின் எல்லாப் பிள்ளைகளையும் பத்திரமாக ஒரு பண்ணை வீடு சேர்த்தார். பிள்ளைகளைக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போனார் என்று பத்திரிகைகள் எழுதின, பாட்டும் வந்தது. பிளெயின்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று குழந்தைகளோடு வழிதவறி இரவு முழுவதும் வெட்டவெளியில் கிடந்தார். மூவரும் அவர் அணைப்பிலேயே இறந்தார்கள். பனியில் செத்துப்போன அவருடைய பாதங்களை வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று.

இனி வழக்குக்கு வருவோம். ஃபிரீமன் கேட்டது எளிய கேள்வி. பொதுமக்கள் வரியில் நடக்கும் பள்ளி, சட்டம் சொல்வதால் பிள்ளைகள் வந்தே ஆக வேண்டிய இடம். அங்கே ஒரு மதத்தின் வழிபாட்டை நடத்தினால் விருப்பமில்லாதவனையும் வழிபாட்டுக்கு இழுத்து அதற்குக் காசும் வாங்குவது ஆகாதா? எவரையும் வழிபாட்டுக்கு வரும்படியோ அதற்குப் பொருள் கொடுக்கும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று நெப்ராஸ்காவின் அரசியல் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. வாசிப்பு, ஜெபம், பாட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது வழிபாடே, அதுவும் ஒரு சமயப் பிரிவின் சாயல் கொண்ட வழிபாடு என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நான் கவனிப்பது எதிர்ப்பக்கத்தின் வாதத்தை: ஊர்ப் பிள்ளைகளின் நன்மைக்குச் செய்கிறோம், ஊர்க் குழு ஒப்புக்கொண்டது, பிறகென்ன? ஊர் ஒன்றுகூடிச் சம்மதித்தால் போதும் என்று நினைக்கும் மனம் அது. பெரும்பான்மை கைதூக்கியதால் ஒருவனுடைய மனச்சாட்சி செல்லாமல் போகாது என்பதுதான் ஃபிரீமன் வாங்கிய தீர்ப்பு.

விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1890-இலேயே இதுபோல ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே ஃபிரீமனை முதல்வர் என்று சொல்லிவிட முடியாது. (உயிரோடிருந்தால் அதற்கும் வழக்காடியிருப்பார்.) நெப்ராஸ்கா தீர்ப்புக்கும் உடனே எதிர்ப்புக் கிளம்பியது. மறுவிசாரணை கேட்டார்கள். 1903 ஜனவரியில் நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: பைபிளைப் பள்ளியிலிருந்து அடியோடு விலக்கச் சட்டம் சொல்லவில்லை, அதைப் பயன்படுத்தும் விதம் வரம்பு மீறி ஒரு பிரிவின் போதனையாகும்போதுதான் நீதிமன்றம் தலையிடும். பேச்சில் சற்று இறங்கி வந்தது போல இருக்கும். ஆனால் ஃபிரீமனுக்குத் தந்த வெற்றியை அது பிடுங்கவில்லை. 1908 டிசம்பர் 30 அன்று அவர் இறந்தார். மனைவி ஆக்னஸ் 1931 வரை வாழ்ந்தார். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்துவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சொன்னது 1963 ஜூனில். ஃபிரீமன் பள்ளியில் அப்போதும் பாடம் நடந்துகொண்டிருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு வழக்கும் இதே மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பிறந்தது. முதல் உலகப் போரின் வெறி அடங்காத 1919-இல், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது என்று நெப்ராஸ்கா சட்டம் போட்டது. ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த மாநிலம் அது. ஹாம்ப்டன் என்ற ஊரில் சபைப் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மேயர், 1920 மே மாதம், பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்தபோது அகப்பட்டார். அபராதம் 25 டாலர். கட்ட மறுத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1923-இல் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றாக்கினார்கள். மொழிக்காகவும் மனச்சாட்சிக்காகவும் பெரிய தீர்ப்புகள் பிறந்த இடங்களைத் தேடினால் இந்தப் புல்வெளிச் சிற்றூர்களுக்குத்தான் வந்து சேர்கிறோம்.

ஓரறைப் பள்ளி மறைந்ததற்கு எந்த வில்லனும் கிடையாது. நல்ல சாலை வந்தது, பள்ளிப் பேருந்து வந்தது, பண்ணைகள் பெருத்துக் குடும்பங்கள் குறைந்தன. கல்வி அதிகாரிகள் பள்ளிகளை இணைக்கச் சொன்னார்கள். 1965 ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன் மாபெரும் கல்வி நிதிச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, நாலு வயதில் தான் படித்த டெக்சாஸ் ஓரறைப் பள்ளியின் வாசலில் மேசை போட்டு, தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்த மாதிரிப் பள்ளி ஏற்கெனவே நினைவுப் பொருளாகிவிட்டிருந்தது. நெப்ராஸ்கா மட்டும் பிடிவாதமாகப் பல காலம் வைத்துக்கொண்டிருந்தது. 2006-இல்கூடச் சிறு பள்ளி வட்டாரங்களை இணைத்த சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் தள்ளினார்கள். அதற்குள் அந்த வட்டாரங்களைக் கலைத்தாகிவிட்டது.

ஃபிரீமன் பள்ளி 1967-இல் மூடியபோது அது மாநிலத்தில் நடந்துகொண்டிருந்த ஓரறைப் பள்ளிகளிலேயே மிகப் பழையது. பின்பு தேசியப் பூங்காத் துறை அதை ஏற்று, 1870-களின் தோற்றத்துக்குத் திருப்பியது. இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். 95 ஆண்டு நடந்த பள்ளி அது. மின்விளக்கில் படித்தவர்களும் அங்கே உண்டு. இரண்டு உலகப் போர்களையும் வானொலியையும் கண்ட பிள்ளைகளும் உண்டு. முதல் பத்து ஆண்டைப் பளபளப்பாக்கி, பின்னுள்ள எண்பத்தைந்தைச் சுரண்டி எடுப்பது பழமையைக் காப்பதில் எல்லா நாட்டாரும் செய்யும் பிழை. நாமும் கோயில் தூண்களை மணல் பாய்ச்சிச் சுத்தம் செய்து கெடுத்தவர்கள்தாம். ஆனாலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஃபிரீமன் வழக்கை அவர்கள் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் மணியோசையும் மைக்கூடும் என்று நினைத்து வருபவரிடம், இந்த அறையில்தான் இந்தச் சண்டை நடந்தது என்று சொல்கிறார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய கதை இன்னும் ஒன்று உண்டு. பள்ளியிருக்கும் கேஜ் மாவட்டத்தின் தென்பகுதியில், கான்சாஸ் எல்லையைத் தாண்டியும், ஓட்டோ-மிசௌரியா மக்களுக்கென்று 1854 ஒப்பந்தப்படி ஒதுக்கிய நிலம் பிக் புளூ ஆற்றங்கரையில் இருந்தது. பத்து மைல் அகலம், இருபத்தைந்து மைல் நீளம். மற்ற நிலமெல்லாம் அந்த ஒப்பந்தத்தில்தான் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. மிச்சமிருந்ததையும் குடியேறிகளின் நெருக்கடி அரித்தது. 1881-இல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. பள்ளி கட்டியது 1872. ஒன்பது ஆண்டுகள், ஒரே மாவட்டத்தில், ஒரு பக்கம் அந்தச் செங்கல் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு சமூகம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன மூன்றாம் ஆண்டு, 1884-இல், அதே நெப்ராஸ்காவில் ஜெனோவா என்ற ஊரில் அரசு வேறொரு பள்ளி திறந்தது. பாவ்னீ மக்கள் வாழ்ந்து, அவர்களும் ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்ட இடம் அது. பல பழங்குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசக் கூடாது என்று சொல்லி, தொழில் பழக்கிய உறைவிடப் பள்ளி. 1934 வரை நடந்தது. அங்கே மூன்று பெற்றோர் கொண்ட குழு கிடையாது. ஆசிரியையிடம் போய் நிறுத்தச் சொல்லவும், மறுத்தால் வழக்குப் போடவும் அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்களுக்கு வழி இல்லை.

ஜெனோவாப் பள்ளியின் கட்டடங்களிலும் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அதையும் நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெப்ராஸ்கா பக்கம் போக நேர்ந்தால் பீயாட்ரிஸோடு திரும்பிவிடாதீர்கள். ஜெனோவாவையும் பார்த்துவிட்டு வாருங்கள்.